நூறு கோழிக்கு ஒரு குப்பி

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி மருந்து பத்துக் கோழிக்கென்று தனியாகக் கிடைப்பதில்லை. எங்கள் கைக்கு வருகிற மிகச் சிறிய குப்பியே 100 கோழிக்கானது. உலர்ந்த வில்லையாக இருக்கும் அந்த மருந்தைக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மீந்ததை நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. என் வீட்டில் இருப்பவை 14 கோழிகள். ஆகவே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, விடிவதற்கு முன்பே, எங்கள் வாய்க்கால் ஓரத்து எட்டு வீட்டுக்காரர்களும் கூடி நூறு கோழியைத் தேற்ற வேண்டியிருக்கிறது. எங்களுக்குள் இன்று இருக்கும் சிநேகத்தில் பாதிக்குமேல் இந்தக் கணக்கு கொண்டுவந்ததுதான்.

நூறு தேற்றுவது சொல்வதைப்போல எளிதன்று. முதலாவதாக, எங்கள் பக்கத்தில் கோழியை எண்ணிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "எத்தனை இருக்குதுங்க?" என்று கேட்டால், "கெடக்குது, ஒரு அஞ்சாறு" என்பதுதான் பதில். அந்த அஞ்சாறு, விடிகாலையில் கூட்டைத் திறந்து பார்க்கும்போது பத்தொன்பதாக இருக்கும். எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம், ஆடு மாட்டைவிடக் கோழி விஷயத்தில்தான் அதிகம். கோழிதான் ராவோடு ராவாகக் காணாமல் போகிற சொத்து. இரண்டாவதாக, இருப்பதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது. அடையில் உட்கார்ந்திருக்கும் கோழியைக் கிளப்பக்கூடாது. வாடி நிற்கும் கோழிக்கு ஊசி போடக்கூடாது. எட்டு வாரம் ஆகாத குஞ்சுக்கு இந்த ஊசி ஆகாது, அதற்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து வேறே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இவற்றைக் கழித்து மிச்சத்தை எழுதுவதற்குள் எங்கள் வாத்தியாரய்யாவின் நோட்டுப்புத்தகத்தில் மூன்று அடித்தல் திருத்தலாவது விழுந்துவிடும். அவர் தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோழிக் கணக்கைப்போல விடை வராத கணக்கைத் தம் சர்வீசில் பார்த்ததில்லை என்பார்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுக்காவில், கோபாலபுரத்தை ஒட்டிய தென்னந்தோப்புகளுக்குள். பழைய கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. ரேஷன் கார்டு மலையாளத்தில் வருகிறது. துணி எடுப்பதும் நகை எடுப்பதும் பொள்ளாச்சியில். எட்டு வீட்டில் ஐந்து வீடு தமிழ் பேசுபவர்கள், இரண்டு வீடு மலையாளம், ஒரு வீட்டில் மாமியார் தமிழும் மருமகள் மலையாளமுமாகப் பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் அப்படியேதான். மலையாள வீடுகளில் ஒன்று வாய்க்காலுக்கு அக்கரையில், எங்கள் தோப்பின் எருக்குழிக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே இருப்பவரை நான் சேச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அவருக்கும் எனக்கும் நடந்ததைத்தான். அதில் தவறு முழுவதும் என்னுடையது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தை ஒன்றில், ஒரு விடைக்கோழி வாங்கினேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட உடம்பு, சிவந்த சிறு கொண்டை, இன்னும் பத்து நாளில் முட்டை வைத்துவிடும் என்கிற அளவுக்குத் தடித்த அடிவயிறு. கால்களை வாழைநாரால் கட்டிக் கட்டைப்பையில் போட்டு, தலைமட்டும் வெளியே தெரிய, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சந்தையிலிருந்து வரும் கோழியை மூன்று வாரமாவது தனியாகக் கட்டி வைக்க வேண்டும் என்று என் அம்மிச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு இருட்டிவிட்டது, கோழியைக் கவிழ்த்து மூடி வைக்கும் கொடாப்புக் கூடை பரணில் கிடந்தது, புதுக்கோழி வந்த சந்தோஷம் வேறு. நேராகக் கூட்டில் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, அது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட்டு மூலையில் நின்றது. வால் இறகில் சுண்ணாம்பைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து அப்பியதுபோல் கழிச்சல் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் எண்ணெய் போடாத கதவுக் கீல்போல ஒரு சத்தம். மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. அதைப் புதைத்திருக்க வேண்டும். நான் புதைக்கவில்லை. ஒரு கோழிக்குக் குழி தோண்டுவானேன் என்று எருக்குழிக்குப் பின்னால் வீசினேன். ராத்திரி நாய் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று. ஒரு சேவல் கழுத்து முறுக்கிக்கொண்டு, கொக்கி மாதிரி வளைந்து, வானத்தைப் பார்த்தபடியே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோழிக்கறி இறங்க நாளாயிற்று. ஒன்பது நாளில் 13 கோழியில் 11 போய்விட்டன.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். சந்தைக்கோழியைக் கொண்டுவந்து தானே கெடுத்துக்கொண்டாள் என்று பேசுவார்களே என்கிற எண்ணம் இன்னொரு காரணம். எருக்குழிக்குச் சேச்சியின் கோழிகளும் தினமும் வருகின்றன என்பது எனக்குத் தெரியாததன்று. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்: எருக்குழியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும், அந்தப் புழுவுக்காகச் சுற்றுவட்டாரக் கோழியெல்லாம் அங்கே கூடும். வண்டுக்கு மருந்தடிக்கிற செலவு மிச்சம் என்று நாங்களே அவற்றைக் கூப்பிட்டு விடுகிறவர்கள். சேச்சியிடம் 17 கோழிகள் இருந்தன. முட்டையை நாற்சந்தியிலிருக்கும் டீக்கடைக்குக் கொடுத்து, அந்தக் காசில் மாதாமாதம் சீட்டுக் கட்டி வந்தார். 17இல் 15 செத்தன.

அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். திட்டவில்லை. முதல் கோழி எப்போது வாடியது என்று மட்டும் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைங்க, சேச்சி."

அவர் கொஞ்ச நேரம் என் காலியான கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சொவ்வாழ்ச்ச சொல்லியிருந்தா, ஞான் கூடு தொறந்திருக்க மாட்டேன், மோளே" என்றார். பிறகு போய்விட்டார். அவர் மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுகிறவர்தான், ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் எது எந்த மொழி என்று நான் இன்றைக்கும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. வாய்க்காலில் துணி துவைக்கப் போனால் ஒருவர் எழுந்த பிறகு இன்னொருவர் போவோம். தை மாதக் கடைசியில் ஒருநாள் சேச்சி வேலி ஓரத்தில் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல், மிருகாசுபத்திரியில் விசாரித்ததாகச் சொன்னார். (கால்நடை மருத்துவமனைக்கு இங்கே தமிழர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம்.) மருந்து இருக்கிறதாம், போடவும் ஆள் வருவாராம், ஆனால் நூறு கோழி இல்லாமல் குப்பியை உடைக்க மாட்டார்களாம். "என்கிட்ட ரெண்டு, உங்கிட்ட ரெண்டு. இனியும் தொண்ணூத்தாறு வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். நோயில் பிழைத்த கோழிக்குத் தானாகவே எதிர்ப்பு வந்திருக்கும், அந்த நான்கையும் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு அது தெரிந்திருந்தால் வேலிக்கு வர ஒரு காரணம் இருந்திருக்காது.

அன்று மத்தியானமே இருவருமாக வீடுவீடாகப் போனோம். போன இடத்திலெல்லாம் என் வாயாலேயே நடந்ததைச் சொன்னேன்: சந்தைக்கோழி, தனியாகக் கட்டாதது, புதைக்காதது, சொல்லாதது. சேச்சி பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ முதல்தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நோய்க்கு ஊர்ப்பெயர் வெள்ளைக்கழிச்சல். ஆஸ்பத்திரிச் சீட்டில் ராணிகேட் என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 1926இல் நியூகாசில் நகரத்துப் பக்கம் இதைப் பார்த்ததால் அங்கே நியூகாசில் நோய் என்றே பெயர். அதையொட்டிய ஆண்டுகளில் நம் நாட்டில், இன்றைய உத்தராகண்டில், குமாவுன் மலையிலிருக்கும் ராணிகேட் ஊர்ப்பக்கம் கண்டறியப்பட்டதால் நமக்கு அந்த ஊரின் பெயர் வந்தது. இறக்கைக்கு அடியில் நாங்கள் போடும் ஊசியின் கிருமி வகையும் அதே குமாவுன் மலையின் முக்தேசுவரில் 1940களில் பக்குவப்படுத்தப்பட்டதுதான். நோய்க்குப் பெயர் கொடுத்த மலையே மருந்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறது என்று வாத்தியாரய்யா சொன்னபோது, தோப்பில் கள் இறக்கும் அண்ணன், "அப்ப சந்தையிலயே மருந்தும் வித்திருக்கோணுமுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழகிவிட்டது.

ஊசி போடும் நாளில் கூட்டைத் திறக்காமல் காத்திருப்போம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு கையை நுழைத்தால், சத்தம் போடாமல் வெதுவெதுப்பாகக் கைக்குள் வந்து உட்காரும். அதே கோழியை விடிந்த பிறகு பிடிக்க வேண்டுமென்றால் நான்கு ஆளும் ஒரு வேட்டியும் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் ஐஸ் போட்ட பெட்டியில் மருந்து கொண்டுவருவார். கோழியை மடியில் மல்லாத்தி, கால் இரண்டையும் ஒரு கையின் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மறுகையால் இறக்கையை விசிறிபோல விரிக்க வேண்டியது எங்கள் வேலை. இறக்கைக்கு அடியில் இறகில்லாத மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உள்ளே நீல நரம்பு ஓடுவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். நரம்பை விட்டுத் தள்ளி, தோலைக் கிள்ளித் தூக்கி, அரை மில்லி. கொழுக்கட்டைப் பூரணம்போல ஒரு சிறு புடைப்பு எழும்பி அமுங்கும். கோழி அதுவரைக்கும் மூச்சே விடாது. கீழே விட்டதும் ஊரைக் கூட்டும்.

எட்டாவது வீட்டில் முடிக்கும்போது விடிந்திருக்கும். அங்கே சுக்குக் காப்பி. பேச்சு உண்மையில் தொடங்குவது அப்போதுதான். கோழி வளர்ப்பவர்கள் கூடினால் கோழியைத் தவிர வேறு பேச்சு வராது என்பதை நான் கல்யாணமாகி வந்த புதிதில் நம்பவில்லை.

கூட்டின் வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது ஐந்து வருடமாகத் தீராத வழக்கு. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேற்கே வாசல் வைத்தால் ஆடிக்காற்று சாரலையும் சேர்த்து உள்ளே அள்ளிப் போடும்; கிழக்கே வைத்தால் மார்கழியில், மலையாளத்துக்காரர்கள் திருவாதிரைக் காற்று என்கிற வறண்ட காற்று விடிய விடிய ஊளையிடும். வடக்கே வை என்பது சேச்சியின் கட்சி. வடக்கே வைத்தால் மீனம் மேடத்து, அதாவது பங்குனி சித்திரைச் சூடு தாங்காது என்பது கள் இறக்கும் அண்ணனின் கட்சி. அது திசையால் வருவதன்று, கூரையால் வருவது என்பது என் எண்ணம்: வெயில் 40 டிகிரியைத் தொடுகிற இடத்தில் தகரம் போட்டால் எந்தப் பக்கம் திறந்து வைத்தும் பிரயோசனமில்லை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தும்தான் அது சூட்டைக் கழிக்கிறது. தகரத்தை எடுத்துவிட்டுத் தென்னங்கீற்றுப் போட்ட வருடம் எனக்குச் சித்திரையிலும் முட்டை நிற்கவில்லை.

நாட்டு மருந்து வழக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையானது. வாத்தியாரய்யாவின் வீட்டம்மா கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் அம்மியில் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கோழிக்கு ஊட்டுவார். அம்மை போட்ட கோழியின் கொண்டைக் கொப்புளத்துக்கு அவர் தடவும் மஞ்சள் வேப்பிலை விழுது புண்ணை ஆற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். சளி பிடித்து மந்தமான கோழி அந்த உருண்டையைத் தின்று மறுநாள் மேயப் போவதும் உண்டு. ஆனால் வெள்ளைக்கழிச்சலுக்கு இது போதும் என்று அவர் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஒன்பது நாளும் அம்மியைக் கழுவாமல் அரைத்து ஊட்டியவள் நான்.

மொழி வழக்கு இல்லை, அது விளையாட்டு. நாங்கள் சேவல் என்பதை அவர்கள் பூவன் என்கிறார்கள்; பெட்டை அங்கே பிட; கூமுட்டை அங்கே சீமுட்டை. அடைக்கோழியைப் பொருன்னக்கோழி என்று சேச்சி சொல்வது எனக்கு முதலில் ஏதோ தனி ஜாதிக் கோழியைச் சொல்வதாகப் பட்டது. ஆனால் அந்தக் கோழி செய்கிற வேலையை அவரும் அடயிரிக்கல் என்றுதான் சொல்கிறார். கோழிகளுக்குள் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பருந்து நிழல் தரையில் விழுந்தால் எந்த வீட்டுச் சேவலும் நீளமாக ஒரே கீச்சல் போடும்; கீரியோ நாயோ வந்தால் கொக்கொக்கென்று விட்டுவிட்டுக் கத்தும். சேச்சி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, "மேல நோக்கு" அல்லது "வேலி நோக்கு" என்று எனக்குக் குரல் கொடுப்பார். நான் இன்னும் எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது எங்கள் பேச்சு முழுவதும் அதிலேயே போயிற்று. பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்கு ஒரு சேவலைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்திச் சக்கரத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க போலாம், சேவல் போகாதுங்க" என்றார்கள். நான் இறங்கிக்கொண்டேன். பின்னிருக்கையில் இருந்தவர்கள் எனக்காகச் சண்டை போட்டார்கள், எனக்குத்தான் சண்டை போடத் தோன்றவில்லை. கட்டைப்பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வந்த புள்ளிக்கோழியை ஒருவர் இப்படி நிறுத்திக் கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டு, சேவலும் நானுமாக வெயிலில் திரும்பி நடந்தோம். நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அத்தனையையும் கொன்றுவிடுவார்கள் என்று அன்று சாயங்காலம் வாத்தியாரய்யா விளக்கினார். காம்பஸ் எடுத்து நோட்டில் வட்டமும் போட்டுக் காட்டினார். எங்களில் யார் வீட்டை நடுவில் வைத்து வரைந்தாலும் எட்டு வீடும் அதற்குள் விழுந்தன. 2024 ஏப்ரலில் ஆலப்புழையின் எடத்துவா, செறுதனைப் பக்கத்து வாத்துகளுக்கு மறுபடி வந்தபோது, தோப்பில் ஒரு காக்கை செத்துக் கிடந்தாலும் எட்டு வீட்டுக்கும் போன் போயிற்று. காக்கை மின்கம்பியில் அடிபட்டது என்று தெரிந்த பிறகும் அதை ஆழக் குழி தோண்டித்தான் புதைத்தேன்.

இனி அடைக்கோழி விஷயம். நோய்க்குப் பிறகு நான் வாங்கி வளர்த்தவை பெரும்பாலும் திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீ இனத்துக் கோழிகள். நாட்டுக்கோழியைவிட இரண்டு மூன்று மடங்கு முட்டை வைக்கும். ஆனால் அடையில் உட்காராது. முட்டைக்காகவே தேர்ந்து தேர்ந்து பெருக்கிய இனங்களில் அந்தக் குணம் போய்விடுகிறது. சேச்சி பழைய நாட்டுக்கோழியிலேயே பிடிவாதமாக நின்றார். அவருடைய சாம்பல் நிறக் கோழி ஒன்று வருடத்துக்கு மூன்று தடவை அடைக்கு விழும். முட்டை இல்லாவிட்டாலும் தேங்காய்மட்டையின் மேலாவது உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்து உறுமும். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள். சேச்சி அதை எனக்குக் கடனாகக் கொடுத்தார். என் முட்டை, அவர் கோழி, குஞ்சு பொரித்தால் பாதிக்குப் பாதி. ஆட்டை வாரத்துக்கு விடுவதுபோலத்தான். நோய் வந்த வருடத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் கோழி என் கூரைக்குள் வந்தது அதுவே முதல் தடவை.

மூங்கில் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஓர் இரும்பு லாடத்துண்டு வைத்தோம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க இந்த இரும்பு. பன்னிரண்டாம் நாள் ராத்திரி இடி இடித்தபோது சேச்சி போன் செய்து, இரும்பு கூடைக்குள்தான் இருக்கிறதா என்று கேட்டார். என் மகன் சிரித்தான். ஒருதடவை இரும்பில்லாமல் வைத்துப் பார்க்கலாமா என்று அவனிடமே கேட்டேன். எதுக்கும்மா வம்பு என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

முட்டை 11 வைத்தோம். ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். ஏழாம் நாள் இரவு, கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, மொபைல் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தோம். ஓடு முழுவதும் ஆரஞ்சு வெளிச்சமாகி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போல விரிந்த சிவப்பு நரம்புகளும் தெரிந்தன. ஒரு முட்டையில் அந்தப் புள்ளி துடித்ததை இருவருமே பார்த்தோம். சேச்சி மூச்சை அடக்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முட்டையில் ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம். அவற்றை எடுத்துவிட்டோம். இருபதாம் நாள் சாயங்காலம் கூடையில் காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுச் சத்தம் கேட்டது. கோழியும் அடித்தொண்டையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்தொன்றாம் நாள் மத்தியானத்துக்குள் ஒன்பதும் வெளியே வந்துவிட்டன. ஒவ்வொன்றின் அலகு நுனியிலும் ஓட்டை உடைத்த வெள்ளை முள், அரிசிக் குருணைபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

குஞ்சுக்குக் கரையான் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பழைய மண்கலயத்தில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, தேங்காய்மட்டை நார் எல்லாவற்றையும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, ஈரத்தரையில் கவிழ்த்து வைத்தால் விடிகாலையில் கலயம் முழுவதும் வெள்ளையாக நெளியும். சேச்சிக்கு இது புதிது. மறுநாளே அவர் வீட்டில் மூன்று கலயம் கவிழ்ந்திருந்தது. அதில் ஒன்று தண்ணீர் எடுக்கிற நல்ல குடம் என்று அவர் மருமகள் என்னிடம் வந்து முறையிட்டாள்.

இரண்டரை மாதத்தில் குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து மேய ஆரம்பித்த பிறகு பங்கு பிரித்தோம். ஒன்பதில் பாதி நாலரை. நாலு அவருக்கு, நாலு எனக்கு என்பதுவரை பிரச்சினையில்லை. ஒன்பதாவது அவருடையது என்றேன் நான்: அவர் கோழி உட்காராமல் முட்டை என்ன செய்யும்? உன் வீட்டுத் தீனி, உன் முட்டை, உனக்குத்தான் என்றார் அவர். வாத்தியாரய்யாவிடம் போனோம். விற்றுக் காசைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அது எங்கே அடைகிறதோ அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். செம்பட்டை நிறத்தில் வளர்ந்து, சேவலாகி, வாய்க்காலின் மேல் போட்ட தென்னைமரப் பாலத்தில் ஏறி நின்று கூவக் கற்றுக்கொண்டது. சில நாள் இந்தக் கரையில் அடையும், சில நாள் அந்தக் கரையில்.

போன மாதம் ஊசிக்குக் கணக்கெடுத்தோம். வாத்தியாரய்யா வீடுவீடாக வந்து எழுதிக் கூட்டிப் பார்த்து, அடித்துத் திருத்தி, 98 என்று கோடு போட்டு முடித்தார். மறுநாள் எட்டு வீட்டுக் கோழிக்கும் போட்டு முடித்துச் சுக்குக் காப்பிக்கு உட்கார்ந்தபோது, ஊசி போட வந்தவரின் கணக்கில் 97 இருந்தது. ஒரு கோழி எங்கே போயிற்று என்று வாத்தியாரய்யா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார். சேச்சி தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக் கணக்கில் அந்தச் செம்பட்டைச் சேவலை நான் சேர்த்திருந்தேன்.

"சேச்சி, நீங்களுமா?" என்று கேட்டேன்.